பழைய மர பீரோ: விற்பதா, வாங்குவதா, வைத்துக்கொள்வதா?

நம் ஊரில் பழைய மர சாமான்களுக்கு இரண்டு விதமான மரியாதை உண்டு. ஒரு வீட்டில் தாத்தா காலத்து தேக்கு அலமாரியை "இடத்தை அடைக்குது" என்று பழைய சாமான் கடைக்காரரைக் கூப்பிட்டு, அவர் சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதே அலமாரி மூன்று மாதம் கழித்து, பாலிஷ் போட்டு, பித்தளைக் கைப்பிடி மாட்டி, "ஆன்டிக்" என்ற சீட்டோடு இன்னொரு வீட்டு ஹாலுக்குப் பல மடங்கு விலையில் போய்ச் சேருகிறது. முதல் வீட்டுக்காரர் அதைக் குப்பையாகப் பார்த்தார். இரண்டாவது வீட்டுக்காரர் பொக்கிஷமாகப் பார்க்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், இருவருமே அதை அலமாரியாகப் பார்க்கவில்லை. முதல் வீட்டில் அதற்குள் பழைய நியூஸ்பேப்பர் இருந்தது. இரண்டாவது வீட்டில் அதற்குள் ஒன்றுமே இல்லை, மேலே ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய மர சாமான் என்பது முதலில் சாமான், பிறகுதான் பழையது. துணி வைக்க, அரிசி கொட்ட, புத்தகம் அடுக்க, பத்திரம் பூட்டி வைக்கச் செய்யப்பட்ட பொருள் அது. அந்த வேலையை இன்னும் பத்து இருபது வருஷம் செய்யுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், அல்லது வைத்துக்கொள்ள வேண்டும். வயதைப் பார்த்து வாங்குவது, ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் முடிப்பது மாதிரி!

ஆன்டிக், விண்டேஜ் என்றால் என்ன?

கடைகளில் இந்த இரண்டு வார்த்தைகளும் தாராளமாகப் புழங்குகின்றன. "ஆன்டிக்" என்றால் பொதுவாக நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்று உலகெங்கும் வியாபாரத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டமும் 100 ஆண்டு என்ற எல்லையைத்தான் வைத்திருக்கிறது (கையெழுத்துப் பிரதிகள் போன்றவற்றுக்கு 75 ஆண்டு). அந்தச் சட்டப்படி தொல்பொருள் என்று வரும் எதையும் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் அண்ணனுக்கு ஒரு பழைய பெட்டியைக் கப்பலில் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும்.

"விண்டேஜ்" என்ற வார்த்தைக்கு இப்படி ஒரு சட்ட எல்லையே கிடையாது. 1960களில் செய்த டிரஸ்ஸிங் டேபிளும் விண்டேஜ்தான், 1990ல் செய்ததும் விண்டேஜ்தான், கடைக்காரர் மனசு வைத்தால்! அதனால் அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

வார்த்தை என்றவுடன் ஒரு சின்ன விஷயம். அலமாரி, மேஜை, சாவி இந்த மூன்றும் போர்ச்சுகீசியர் கொடுத்தவை. பீரோ என்பது பிரெஞ்சுச் சொல். அங்கே அதற்கு எழுதும் மேஜை என்று அர்த்தம், நாம் அதில் புடவை அடுக்குகிறோம். ஆனால் பெட்டி, பேழை, பெட்டகம், பத்தாயம் எல்லாம் நெடுங்காலமாக இங்கே புழங்குபவை. நம் பாட்டன் பூட்டன் பொருள்களை மேலே திறக்கும் பெட்டிகளில்தான் வைத்தார்கள். கதவு வைத்து நிற்கும் அலமாரி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கடையில் "முந்நூறு வருஷத்து பீரோ" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் சிரித்துவிட்டு அடுத்த சாமானைப் பார்க்கலாம்.

இவை எங்கிருந்து வருகின்றன?

தமிழ்நாட்டில் பழைய மர சாமான் என்றதும் எல்லோரும் சொல்லும் ஊர் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். தூண், கதவு, நிலை, பெட்டி, அலமாரி, பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லாம் குவிந்து கிடக்கும்.

இவ்வளவு மரம் எப்படி அந்த வறண்ட பூமிக்கு வந்தது? பர்மாவிலிருந்து. நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவி செய்தார்கள். சம்பாதித்ததைச் சொந்த ஊரில் வீடாகக் கட்டினார்கள். பர்மா தேக்கு கப்பலில் வந்து இறங்கியது. பிறகு 1942ல் ஜப்பான் பர்மாவுக்குள் புகுந்தது, ஏராளமான இந்தியர்கள் விட்டது விட்டபடி ஓடி வந்தார்கள். 1948ல் பர்மா சுதந்திரம் அடைந்தது, 1960களில் ராணுவ அரசு வியாபாரங்களை நாட்டுடைமை ஆக்கியது. வருமானம் நின்றது. வீடுகள் மட்டும் நின்றன.

ஒரு வீட்டுக்கு இன்று எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் வெளிநாட்டில். ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகிறது. எல்லோரும் சேர்ந்து செலவு செய்ய ஒத்துக்கொள்வது அபூர்வம், விற்க ஒத்துக்கொள்வது அதைவிடச் சுலபம். அப்படித்தான் வீடு பாகம் பாகமாகக் கடைக்கு வருகிறது. 2014ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. பட்டியலில் ஊர் இருக்கிறது, தெருக்கடையில் ஊரின் தூண்கள் இருக்கின்றன.

இதற்குக் கடைக்காரர்களைத் திட்டுவது நியாயமில்லை. அவர்கள் வாங்காவிட்டால் பல சாமான்கள் விறகாகியிருக்கும். ஆனால் வாங்குபவர் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். பெட்டி, அலமாரி, மேஜை இவையெல்லாம் வீட்டிலிருந்து நகர்த்துவதற்காகவே செய்யப்பட்டவை. ஒரு பெட்டியை விற்பதால் வீடு இடியாது. தூண், நிலைக்கதவு, உத்தரம் அப்படியல்ல. அவற்றை எடுக்க வேண்டுமானால் வீட்டை உடைக்க வேண்டும். அந்தக் கதவை அறுத்து டீப்பாய் ஆக்கி, தூணை வெட்டி புத்தக அலமாரிக்குக் கால் ஆக்கி விற்கிறார்கள். அதற்கு விலை கூடக் கூட, வீட்டை நிற்க வைப்பதைவிட உடைப்பது லாபமாகிவிடுகிறது. டிமாண்ட் - சப்ளை படித்த யாருக்கும் இது புரியும். ஆகவே சாமானாகப் பிறந்த சாமானை வாங்குவது சரி, வீட்டின் எலும்பை அறுத்துச் செய்த சாமானை வாங்காமல் இருப்பதே நல்லது.

கணக்கு என்ன சொல்கிறது?

கம்பெனிகள் சட்டம் 2013ன் இரண்டாம் அட்டவணைப்படி சாதாரண மர சாமான்களின் ஆயுள் 10 வருஷம். வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 10 சதவீதம், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல், தேய்மானம் கழிக்கிறார்கள். 100 ரூபாய் பீரோ இந்த முறையில் 10 வருஷம் கழித்து சுமார் 35 ரூபாயாக நிற்கும். ஒரு முறையில் பத்து வருஷத்தில் ஆயுள் முடிகிறது, இன்னொரு முறையில் எப்போதும் பூஜ்யமே ஆவதில்லை. இரண்டுமே நிஜ பீரோவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. புத்தகத்தில் செத்துப்போன பீரோ ஹாலில் நன்றாக நின்றுகொண்டிருக்கும்!

"பழைய சாமான் ஒரு இன்வெஸ்ட்மென்ட்" என்று கடைகளில் சொல்வார்கள். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான்.

துகள் பலகையில் செய்த புது வார்ட்ரோப் 25,000 ரூபாய், 8 வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 3,125 ரூபாய். பழைய தேக்கு அலமாரி 50,000, பழுது பார்க்க 10,000, ஆக 60,000 ரூபாய். 30 வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 2,000 ரூபாய். பார்த்தவுடன் பழசு ஜெயித்துவிட்டது போலத் தெரியும். ஆனால் கூடுதலாகப் போட்ட 35,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் செய்திருந்தால் வருஷத்துக்கு 2,450 ரூபாய் வந்திருக்கும். அதையும் சேர்த்தால் பழைய அலமாரியின் செலவு வருஷத்துக்கு 4,450. புதுசு ஜெயித்துவிட்டது! பத்து வருஷம் கழித்து பழசை அதே 60,000க்கு விற்க முடிந்தால் மறுபடியும் பழசு ஜெயிக்கும், ஏனென்றால் அப்போது செலவு அந்த 2,450 வட்டி மட்டும்தான். ஆனால் விற்க முடியுமா என்பது யார் கையிலும் இல்லை. வாங்கும்போது கடை விலை, விற்கும்போது பழைய சாமான் விலை. நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் வியாபாரியின் சாப்பாடு. இன்வெஸ்ட்மென்ட் என்று நினைத்து வாங்குபவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்.

இப்போது மூன்றாவது கணக்கு. வீட்டிலேயே ஒரு பழைய அலமாரி இருக்கிறது. அதைப் பழுது பார்க்க 10,000 ரூபாய். அதை 5,000க்குத் தள்ளிவிட்டுப் புது வார்ட்ரோப் வாங்கினால் கையிலிருந்து 20,000 போகிறது. எட்டு வருஷம் கழித்து மறுபடியும் போகும். இங்கே வட்டி, டெபாசிட் எதுவும் பார்க்கத் தேவையே இல்லை. பழைய சாமான் தேர்ந்தெடுப்பதில் முதல் விதி இதுதான்: கடைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பரணையும் பின்கட்டையும் பார்க்க வேண்டும். தேர்வு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, வெளியில் வாங்குவதானால் வேலைப்பாடு குறைந்த, சாதாரணமான சாமானே மேல். மயிலும் யாளியும் செதுக்கியதற்குத்தான் கடையில் காசு. அலமாரியின் உள்ளே இருக்கும் இடத்துக்கு மயில் எந்த உதவியும் செய்வதில்லை. அதே மரம், அதே வேலை, செதுக்கல் இல்லாதது என்றால் விலை நன்றாக இறங்கிவிடும். தேக்குதான் வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். பலா, வேம்பு, வேங்கை, பூவரசு இவற்றில் செய்த சாமான்களும் தலைமுறை தாண்டி நிற்கின்றன.

வரி விஷயம் இரண்டு வரியில். வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த மர சாமானை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது, சொந்த உபயோகப் பொருள் என்று விலக்கு உண்டு (நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள்களுக்கு அந்த விலக்கு இல்லை). பழைய பொருள் வியாபாரி ஜிஎஸ்டியை முழு விலைக்கு இல்லாமல், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் கட்ட விதியில் வழி இருக்கிறது. "பில் போட்டா வரி ஏறிடும் சார்" என்பவரிடம் இதை ஞாபகப்படுத்தலாம்.

உள்ளே என்ன வைக்கப் போகிறார்கள்?

கடையில் நின்று சாமானைப் பார்த்து மயங்குவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு லிஸ்ட் எழுத வேண்டும். எந்தச் சாமானுக்கு எது பொருந்தும் என்பதை அதன் பழைய வேலையே சொல்லிவிடும்.

துணி அலமாரி: பழைய அலமாரிகள் மடித்து வைக்கும் துணிக்காகச் செய்தவை. புடவையும் வேட்டியும் தட்டில் அழகாக உட்காரும். சட்டையை ஹேங்கரில் குறுக்காக மாட்ட வேண்டுமானால் உள் ஆழம் சுமார் இரண்டடி வேண்டும். பல பழைய அலமாரிகளில் அது இருக்காது. தட்டைப் பிடுங்கிவிட்டுக் கம்பி மாட்டிய பிறகு கதவு மூடவில்லை என்று புலம்புவதைவிட, டேப்பைக் கையில் கொண்டு போவது நல்லது.

மரப்பெட்டி: மேலே திறப்பது. கம்பளி, போர்வை, கொலு பொம்மை மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் பொருளுக்குச் சரி. தினமும் எடுக்கும் பொருளுக்குச் சரிப்படாது, ஏனென்றால் வேண்டியது எப்போதும் அடியில்தான் இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை. மூடினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் பெட்டி, குழந்தைகள் உள்ள வீட்டில் கூடாது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 1912 முதல் 1987 வரை விற்ற பெட்டிகளில் இப்படிப்பட்ட பூட்டு இருந்தது. உள்ளே ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்தப் பூட்டை மாற்றச் சொல்லி 1996லும் 2014லும் அறிவிப்பு வந்தது. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் எந்தப் பெட்டியையும் வாங்கக் கூடாது.

கம்பிவலை அலமாரி: பிரிட்ஜ் வருவதற்கு முன் பாலும் குழம்பும் இருந்த இடம். "மீட் சேஃப்" என்பார்கள், சைவ வீட்டிலும் அதே பேர்தான்! எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைப்பார்கள். காற்றோட்டம் இருப்பதால் இன்றைக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, பாத்திரம் வைக்க இதைவிட நல்ல சாமான் இல்லை. ஆனால் கால்களின் அடிப்பாகம் தண்ணீரில் நின்று நின்று இற்றுப் போயிருக்கும், அதைக் கவனிக்க வேண்டும்.

கல்லாப்பெட்டி, கணக்குப்பிள்ளை மேஜை: சாய்வான மூடி, உள்ளே சின்னச் சின்ன அறைகள். பத்திரம், ரேஷன் கார்டு, சார்ஜர், சாவி என்று வீட்டில் தொலையும் எல்லாவற்றுக்கும் ஒரு அறை கிடைக்கும். விலையும் குறைவு, ஆட்டோவில் கொண்டு வந்துவிடலாம். ஹாஸ்டல் அறைக்குக்கூடப் பொருந்தும்.

பத்தாயம்: நெல் கொட்டும் பெரிய பெட்டி. அபார்ட்மென்ட்டுக்கு ஆசைப்படக் கூடாத சாமான். லிஃப்டில் ஏறாது, ஏறினால் கதவில் நுழையாது, நுழைந்தால் நகராது.

கடைசியாகச் சொன்னது எல்லாப் பெரிய சாமானுக்கும் பொருந்தும். வாசல், படுக்கையறைக் கதவு, லிஃப்ட், மாடிப்படித் திருப்பம் நான்கையும் அளக்க வேண்டும். பழைய அலமாரிகளில் சில கழற்றி மாட்டும்படி ஆப்பு வைத்துச் செய்தவை. கழற்ற முடியுமா என்பதைக் கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்வது புத்திசாலித்தனம்.

கடையில் எப்படிப் பார்ப்பது?

முன்பக்கம் கடைக்காரருடையது, பின்பக்கம் வாங்குபவருடையது. முன்பக்கத்துக்குப் பாலிஷ் போட்டாயிற்று. உண்மை எல்லாம் பின்பக்கத்திலும் அடியிலும் டிராயருக்குள்ளும் இருக்கிறது.

1. டிராயரை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், விரிந்த புறா வால் மாதிரிப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அது டவ்டெயில் ஜாயின்ட். கையால் அறுத்தது என்றால் பற்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை. வெறும் ஆணி அடித்திருந்தால் மலிவு வேலை, அல்லது பின்னால் மாற்றியது.

2. டிராயர் வருஷக்கணக்கில் இழுத்து மூடப்பட்டிருந்தால் அதன் அடி விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். நூறு வருஷத்து மேஜையில் தேயாத டிராயர் இருந்தால், ஒன்று அந்த வீட்டில் யாருமே குடியிருக்கவில்லை, அல்லது டிராயர் போன மாதம் வந்தது!

3. நிறம். கை படும் இடம், வெயில் படும் இடம் எல்லாம் ஒரு நிறம், படாத இடம் வேறு நிறம். இதுதான் இயற்கை. யாரும் தொடாத அடிப்பலகைகூட ஒரே கருப்பாக மினுமினுத்தால், புது மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

4. ஸ்க்ரூ. கூட்டல் குறி போட்ட ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ 1930களில்தான் சந்தைக்கு வந்தது. "1880ல் செய்தது" என்ற பெட்டியில் அது இருந்தால், குறைந்தது ரிப்பேராவது நடந்திருக்கிறது. ரிப்பேர் குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்.

5. கதவுச் சட்டத்தில் மூலைகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? நல்ல வேலையில் ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மறு கட்டையின் துளையில் செருகி, மர ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். கதவைத் திறந்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் கீலில் இருந்தால் சுலபம், சட்டத்தில் இருந்தால் ஆசாரிக்கு இரண்டு நாள் வேலை.

6. பூச்சி. சின்னச் சின்ன ஓட்டை இருந்தாலே ஓட வேண்டாம். ஓட்டையின் உட்புறம் கருத்திருந்தால் பழைய கதை. உள்ளே வெளிர் நிறமாக இருந்து, தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டினால் பூச்சி இன்னும் குடியிருக்கிறது. பெரும்பாலும் வைரம் பாயாத வெளிமரத்தைத்தான் அது தின்னும். அதனால் ஒரு ஓரப்பலகை மட்டும் உளுத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கரையான் வேறு. அது தரை, சுவர் வழியாக வரும், உள்ளே தின்றுவிட்டு மேலே தோலை மட்டும் விட்டு வைக்கும். கால், அடிச்சட்டம், முதுகுப்பலகை மூன்றையும் விரலால் தட்டிக் கேட்க வேண்டும். டொப்டொப் என்று சத்தம் வந்தால் வேண்டாம்.

7. பெயிண்ட் அடித்த சாமான் என்றால் கவனம். பழைய பெயிண்ட்களில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதை வீட்டு ஹாலில் வைத்து உப்புத்தாளால் தேய்ப்பது குழந்தைகளுக்கு விஷத்தூள் தூவுவதற்குச் சமம்.

8. மோந்து பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், இதுவும் ஒரு சோதனை. பூஞ்சை வாடை ஏறிய பெட்டியில் வைத்த பட்டுப்புடவையை வெளியே கட்டிக்கொண்டு போக முடியாது.

வாங்கிய பிறகு

பழைய பாலிஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவியது. அதன்மேல் தண்ணீர் டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும், ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். ஆனால் அதை மறுபடியும் சுலபமாகத் தடவிச் சரிசெய்யலாம். முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டு பளபளவென்று புது பாலிஷ் போடுவதில் நூறு வருஷத்து நிறமும் சேர்ந்தே போய்விடுகிறது. அழுக்கை எடுத்து, ஆட்டத்தைச் சரிசெய்து, அரக்கு ஒரு கை தடவினால் போதும்.

மழைக்காலத்தில் டிராயர் இறுகும். மரம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, வெயிலில் சுருங்குகிறது, அது மரத்தின் சுபாவம். ஐப்பசியில் இறுகியதை உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்தால் பங்குனியில் லொடலொடக்கும். அடி விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தால் காசு மிச்சம். உயரமான அலமாரியைச் சுவரோடு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட வேண்டும், குழந்தை தட்டில் ஏறும் வீடுகளில் இது கட்டாயம். ஆனால் சுவரில் ஒட்டி நிறுத்தாமல் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும்.

மறுப்புகள்

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒத்து வருமா? பெரிய அலமாரி ஒத்து வராது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறும் குடும்பத்துக்கு அது சுமைதான். ஆனால் துகள் பலகை வார்ட்ரோப்பும் இரண்டு தடவை கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடத் தொடங்கும், ஒரு வாளி தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும். அதற்குச் சின்ன மரப்பெட்டி இரண்டு மேல்.

இரும்பு பீரோ இருக்கும்போது மரம் எதற்கு? நியாயமான கேள்வி. கோத்ரெஜ் 1923லேயே இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது. கரையான் இல்லை, பூட்டும் பலமானது. நகைக்கும் பத்திரத்துக்கும் இரும்பு பீரோவே சிறந்தது. நல்ல நிலையில் உள்ள பழைய இரும்பு பீரோவைத் தூக்கிப் போட்டுவிட்டு "விண்டேஜ்" மர பீரோ வாங்குவது, மேலே சொன்ன அதே தப்பைத் தலைகீழாகச் செய்வதுதான்.

இன்னொரு மறுப்பு முக்கியமானது. எல்லோருடைய தாத்தாவுக்கும் தேக்கு அலமாரி இருந்ததில்லை. பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் குறுக்கே கட்டிய கொடியும்தான். "நம் பாரம்பரியம்" என்று சொல்லி விற்கப்படும் அலமாரி, பலருடைய பாரம்பரியத்தில் அடுத்தவர் வீட்டில் எட்டி நின்று பார்த்த பொருள். அதனால் கௌரவத்துக்காக அதை வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பயன்பட்டால் வாங்கலாம், இல்லாவிட்டால் பாட்டியின் தகரப் பெட்டிக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் அதுவும் நன்றாகவே உழைக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், மரத்தைக் காப்பாற்றுவது பாலிஷ் அல்ல, புழக்கம். தினமும் திறந்து மூடும் அலமாரியில் கரையான் வந்தால் மறுநாளே தெரிந்துவிடும். ஹாலில் அலங்காரத்துக்கு நிற்கும் அலமாரியில் முதுகுப்பலகை போன பிறகுதான் தெரியும். பழசை மதிப்பது என்றால் அதன்மேல் விளக்கு ஏற்றி வைப்பது அல்ல, அதற்குள் நாலு சட்டையை மடித்து வைப்பது. இந்தத் தீபாவளிக்கு ஆஃபரில் வார்ட்ரோப் பார்க்கக் கிளம்பும் முன், பரணில் கிடக்கும் அந்தப் பெட்டியின் அடிப்பலகையை ஒருமுறை விரலால் தட்டிப் பாருங்களேன்!